மகள் ஃபுட் சயின்ஸ் படிக்கிறேன் என்கிறாள்: டர்பன் போதுமா, ஸ்டெல்லன்போஷ் வரை அனுப்ப வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கிறோம். மகள் இந்த வருடம் மெட்ரிக், பள்ளியின் கடைசி வருடம். கணக்கும் பிசிக்கல் சயின்ஸும் அவளுக்கு நன்றாக வரும், ஜூன் பரீட்சையில் இரண்டிலும் எழுபதைத் தாண்டிவிட்டாள். டாக்டர், பார்மசி, அக்கவுண்டிங் என்று வீட்டில் ஆளுக்கொரு ஆசை. அவளோ ஃபுட் சயின்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். என் மாமியார், "காசு கட்டி யாராவது சமையல் படிப்பாங்களா, என்கிட்ட வரச் சொல்லு" என்று சிரிக்கிறார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் எனக்குக் கவலை.

இது டயட்டீஷியன் படிப்பா, வேறா? டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியிலேயே சேர்த்தால் போதுமா, இல்லை ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா என்று அனுப்ப வேண்டுமா? முடித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாள்? இந்தத் துறையில் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "பிள்ளை ஆசைப்படுது, விடுங்க" என்று மட்டும் எழுத வேண்டாம், அதை என் தங்கையே சொல்லிவிட்டாள்.

மிட்ராண்ட் தம்பி:

அக்கா, பட்டென்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீங்க. எழுபது எடுக்கிற பிள்ளை ஏன் இதற்குப் போக வேண்டும்? நான் கோயம்புத்தூரிலிருந்து இங்கே ஐடி வேலைக்கு வந்தவன். எங்கள் ஊரில் மெடிக்கல் கிடைக்காதவர்கள்தான் ஃபுட் டெக்னாலஜி எடுப்பார்கள், அப்புறம் பாதிப் பேர் பேங்க் பரீட்சை எழுதுவார்கள். கணக்கு வருகிறது என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆக்சுவரியல் என்று போகலாமே. சாப்பாட்டை ருசி பார்க்க ஒரு டிகிரியா?

கரும்பாலை:

தம்பி, காலையில் நீங்கள் பிரெட்டில் ஜாம் தடவும்போது அதை யாரோ ஒருவர் ஆய்வகத்தில் உட்கார்ந்து சோதித்திருக்கிறார் என்று ஒரு நாளாவது நினைத்திருக்கிறீர்களா? அக்கா, ராத்திரி வந்து விவரமாக எழுதுகிறேன், இப்போது ஷிஃப்டில் இருக்கிறேன்.

பழைய டெக்னிகான்:

அம்மா, நான் எம்.எல். சுல்தான் டெக்னிகானில், அதாவது அந்தக் காலத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில், ஃபுட் டெக்னாலஜி படித்தவன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், கொல்லம் பக்கத்திலிருந்து வந்த சுல்தான் கொடுத்த பணத்தில் நம் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த இடம் அது. 2002-ல் அதையும் டெக்னிகான் நட்டாலையும் ஒன்றாக்கித்தான் இப்போதைய டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி வந்தது. அங்கே இன்றைக்கும் பயோடெக்னாலஜி அண்ட் ஃபுட் சயின்ஸ் என்று ஒரு துறை இருக்கிறது. படித்து முடித்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை ஆலைகளில்தான் என் காலம் போனது. சாஸ், எண்ணெய், பிறகு ரொட்டி.

முதலில் டயட்டீஷியன் விஷயம். அது வேறு, இது வேறு. டயட்டீஷியன் நோயாளிக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிறவர். ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், ஒரு வருடம் கம்யூனிட்டி சர்வீஸ் உண்டு. நம் பக்கத்தில் குவாசூலு-நட்டால் யுனிவர்சிட்டியின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் நடப்பது அந்தப் படிப்பு. ஃபுட் சயின்ஸ் படிக்கிறவர் ஆலைப் பக்கம். உணவு ஏன் கெடுகிறது, எப்படிக் கெடாமல் வைப்பது, எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம், எந்தப் பையில் அடைப்பது, லேபிளில் என்ன எழுதலாம் எழுதக் கூடாது, இதெல்லாம்தான். கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, கொஞ்சம் இன்ஜினியரிங், கொஞ்சம் சட்டம். உங்கள் மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், இதில் சமையல் வருவது மிகக் குறைவு.

ஒரு உதாரணம் தருகிறேன். பிரெட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் 2013-ல் விதி போட்டது. 2016 ஜூன் முடிவுக்குள் 100 கிராம் பிரெட்டில் சோடியம் 400 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, 2019 ஜூனில் அதுவும் 380 ஆக வேண்டும். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஒரு கை உப்பைக் குறைத்தால் போயிற்று என்று. ஆலையில் நின்றவனுக்குத்தான் தெரியும். உப்புக் குறைந்தால் மாவு பிசுபிசுவென்று மெஷினில் ஒட்டும், ஈஸ்ட் கட்டுக்கடங்காமல் வேகமாகப் பொங்கும், ரொட்டியின் மேல்பக்கம் எழும்பி உள்ளே ஓட்டை விழும். மாவின் புரதம், தண்ணீர் அளவு, பிசையும் நேரம், புளிக்கும் நேரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து, அதே சுவையில், அதே விலையில், அதே வேகத்தில் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்தது டாக்டரும் இல்லை, சமையல்காரரும் இல்லை. மிட்ராண்ட் தம்பிக்கும் இதுதான் என் பதில்.

எங்கே படிப்பது என்பதில் என் கருத்து கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். காலேஜ் பெயரைப் பார்க்காதீர்கள். படிக்கும்போது பிள்ளையை எத்தனை மாதம் ஆலைக்குள் நிற்க வைக்கிறார்கள், அந்த இடத்தை அவர்களே பிடித்துத் தருகிறார்களா இல்லை நீங்களே தேடிக்கொள்ள வேண்டுமா என்று கேளுங்கள். வேலைக்கு ஆள் எடுக்க உட்கார்ந்தபோது நான் பார்த்தது அதைத்தான். முதல் வகுப்பில் தேறி வந்து, பாலைச் சூடாக்கிக் கிருமி கொல்கிற பாஸ்ச்சரைசர் மெஷின் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் நின்றவர்களும் உண்டு.

ஊறுகாய்க்காரி:

அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கே திரும்பப் படிக்கப் போகலாம் போல இருக்கிறது. ஃபீனிக்ஸில் வீட்டிலிருந்தே மாங்காய் அச்சார், காய்கறி அச்சார் போட்டு விற்கிறேன். சந்தடி சாக்கில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் பூண்டை உரித்து எண்ணெயில் ஊறப்போட்டு பாட்டிலில் அடைத்தேன், ஒரு கடைக்காரர் லேப் ரிப்போர்ட் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அச்சாரை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டும் ஒரே கை, ஒரே எண்ணெய், ஒரே அடுப்பு. அது என்ன நியாயம்?

லேப் கோட்டு:

ஊறுகாய்க்காரி அக்கா, அந்தக் கடைக்காரர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். தயவுசெய்து அந்தப் பூண்டு பாட்டில்களை யாருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டிலும் வெளியே வைக்காதீர்கள்.

காரணம் இதுதான். மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு பாக்டீரியாவின் ஸ்போர், அதாவது விதை மாதிரி உறங்குகிற வடிவம், சாதாரணமாகவே இருக்கும், பூண்டு மண்ணுக்குள் விளைவது. அது வளர்ந்தால் நஞ்சை உண்டாக்கும். அதற்குக் காற்று ஆகாது. எண்ணெயில் மூழ்கடித்தால் காற்றில்லாத இடத்தை நாமே கட்டிக்கொடுத்த மாதிரி. இன்னொன்று, பி.ஹெச். என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; அது 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் இந்த பாக்டீரியா வளராது. உங்கள் அச்சாரில் வினிகர் இருக்கிறது, மாங்காய்ப் புளிப்பு இருக்கிறது, உப்பும் இருக்கிறது, அதனால் 4.6-க்கு வெகு கீழே போய்விடும். பச்சைப் பூண்டில் அந்தப் புளிப்பு இல்லை. இந்த நஞ்சு வாசனையிலோ ருசியிலோ தெரியாது என்பதுதான் மோசம், மோந்து பார்த்துத் தூக்கிப் போடுகிற வித்தை இங்கே பலிக்காது.

"நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேனே" என்பீர்கள். 100 டிகிரியில் அந்த ஸ்போர் சாகாது. டின் உணவு ஆலைகளில் பிரஷர் போட்டு 121 டிகிரிக்குக் கொண்டுபோவது அதற்காகத்தான். மிட்ராண்ட் தம்பி இருக்கிற பக்கம் இன்னும் மோசம், ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும். டர்பனில் எழுதிய செய்முறையை அங்கே அப்படியே செய்தால் வேறு கணக்கு.

சாட்ஸ்வொர்த் அம்மா, உங்கள் மகள் படிக்கப்போவது இதைத்தான். பி.ஹெச்., நீர்ச்செயல்பாடு (உணவில் கிருமிக்குக் கிடைக்கிற ஈரம்), சூடு, நேரம், காற்று. இந்த ஐந்தையும் வைத்து எந்த உணவையும் எடை போடலாம். உலர்த்திய இறைச்சியான பில்டாங் ஏன் ஃப்ரிட்ஜ் இல்லாமல் நிற்கிறது, வேகவைத்த இறைச்சி உருளையான பாலோனி ஏன் நிற்காது, எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

ஊறுகாய்க்காரி:

ஐயோ. பாட்டிலெல்லாம் இப்போதே குப்பைக்குப் போகிறது. நன்றி தம்பி. தம்பியா தங்கையா தெரியவில்லை, எப்படியோ நன்றி.

லேப் கோட்டு:

தங்கை :) குப்பையில் போடும்போது மூடியைத் திறக்காமல் நன்றாகக் கட்டிப் போடுங்கள், நாய் பூனை கிளறாத மாதிரி.

மிட்ராண்ட் தம்பி:

சரி, படிப்பு லேசானது இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அது இல்லையே, வேலைதானே? ஆலையில் குவாலிட்டி பார்க்கிறவர்களுக்கு என்ன மதிப்பு இருக்கிறது? புரொடக்‌ஷன் மேனேஜர் "லைனை நிறுத்தாதே" என்றால் நிறுத்த முடியுமா?

லேப் கோட்டு:

நல்ல கேள்வி. 2017, 2018-ல் நடந்ததை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும்.

லிஸ்டீரியா, உணவு வழியாகப் பரவுகிற பாக்டீரியா. ஆய்வகத்தில் உறுதியான நோயாளிகள் மட்டும் 1,060 பேர், இறந்தவர்கள் 216 பேர். உலகத்தில் இதுவரை பதிவான லிஸ்டீரியா பரவல்களில் இதுதான் மிகப் பெரியது. நோயாளிகளில் பத்துக்கு நாலு பேர் பிறந்து 28 நாள்கூட ஆகாத குழந்தைகள். மாதக்கணக்கில் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. 2018 ஜனவரியில் சோவெட்டோவில் ஒரு கிரெஷ் (குழந்தைகள் காப்பகம்) பிள்ளைகளுக்கு வாந்தி பேதி என்று பரக்வனாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சந்தேகப்பட்டுப் போய் கிரெஷின் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பாலோனி. அதன் நூலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் மார்ச் 4-ம் தேதி எந்த ஆலை என்று அமைச்சர் அறிவித்தார்.

பாலோனி வேகவைத்த பண்டம்தானே, வேகும்போதே கிருமி செத்திருக்குமே என்று எல்லோரும் கேட்டார்கள். செத்திருக்கும். வெந்த பிறகு, அடைப்பதற்கு முன்னால் இருக்கிற இடைவெளியில்தான் ஆபத்து. தரைச் சாக்கடை, கன்வேயர் இடுக்கு, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், இங்கெல்லாம் லிஸ்டீரியா படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மற்றக் கிருமிகளில் பலவற்றை ஃப்ரிட்ஜ் தடுக்கும், இது 4 டிகிரியிலும் மெதுவாக வளரும். சாக்கடை ஓரத்தில் பஞ்சால் தடவி ஸ்வாப் எடுத்து, அந்த ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இன்றைக்கு லைன் ஓடாது" என்று சொல்கிற ஆள்தான் ஃபுட் சயின்ஸ் படித்தவர். சொல்ல முடியாத ஆலைகளும் இருக்கின்றன, நானே ஒன்றிலிருந்து வெளியே வந்தவள், பெயர் வேண்டாம். ஆனால் அதே 2018-ல் பதப்படுத்திய இறைச்சி ஆலைகளுக்கு ஹாசப் (ஆபத்து எங்கே வரும் என்று முன்பே பார்த்துத் தடுக்கிற முறை) கட்டாயமானது, உணவு விற்கிற இடங்களுக்குப் புதுச் சுகாதார விதிகளும் வந்தன. அதற்குப் பிறகு எங்களைக் கூட்டத்தில் முன் நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள்.

ஸ்டெல்லன்போஷ் மாணவி:

வணக்கம், நான் இப்போது படித்துக்கொண்டிருப்பவள், டோங்காட் பக்கத்துப் பெண். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்ததற்கு ஆயா இன்னும் அப்பாவிடம் சரியாகப் பேசுவதில்லை.

எங்களுடையது நாலு வருட பி.எஸ்சி. முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவான கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு, பயாலஜிதான், ஃபுட் என்ற வார்த்தையே அதிகம் காதில் விழாது. நிறையப் பேர் அந்த வருடத்திலேயே ஏமாந்து போய் மாறிவிடுகிறார்கள். அதனால் ஆன்டி, உங்கள் மகளுக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்குமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். பேக்கிங் பிடிக்கும், யூட்யூபில் கேக் வீடியோ பார்க்கப் பிடிக்கும் என்றால் அது வேறு ஆசை.

ஆய்வகம் எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க கெர்பர் சோதனை. பியூட்டிரோமீட்டர் என்று தடித்த கண்ணாடிக் குழாய், கழுத்தில் அளவுக்கோடுகள். முதலில் அடர்த்தியான சல்ஃப்யூரிக் ஆசிட் 10 மில்லி. அதன் மேல் பாலை ஓரமாக, கலக்காமல், சறுக்கி விட வேண்டும், அவசரப்பட்டால் பொங்கிவிடும். பிறகு அமைல் ஆல்கஹால் 1 மில்லி, ரப்பர் மூடி. துணியைச் சுற்றிக்கொண்டு குலுக்க வேண்டும், ஏனென்றால் குழாய் கையைச் சுடும். வெள்ளைப் பால் கண்ணெதிரே மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கரும்பழுப்பாகிவிடும், ஆசிட் புரதத்தையெல்லாம் கரைத்துவிடுகிறது. சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, 65 டிகிரித் தண்ணீரில் நிறுத்தினால் கழுத்தில் தெளிவான மஞ்சள் வளையம் நிற்கும், அதுதான் கொழுப்பு. அதைக் கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கோட் போட்டிருந்தும் என் ஜீன்ஸில் ஓட்டை விழுந்தது.

ருசி பார்க்கிற வேலை பற்றி மிட்ராண்ட் அண்ணா கேலி செய்தாரே, அதற்கும் ஒரு முறை இருக்கிறது. மூன்று கிண்ணம் தருவார்கள், இரண்டு ஒன்று, ஒன்று வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கிண்ணத்தில் மூன்று இலக்க எண் மட்டும், நிறம் தெரிந்துவிடாமல் இருக்கச் சிவப்பு விளக்கு. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாக வந்துவிடும் என்பதால், எத்தனை பேர் சரியாகச் சொன்னால் நம்பலாம் என்று புள்ளியியல் போட வேண்டும். கணக்கு இங்கே வருகிறது அண்ணா, பயப்படாதீங்க.

மிட்ராண்ட் தம்பி:

சரி சரி, நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது :)

கரும்பாலை:

ராத்திரி எழுதுகிறேன் என்றேன், இப்போது விடியப் போகிறது. நான் வட கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். நம்மவர்கள் இந்தியாவிலிருந்து 1860-ல் டிரூரோ கப்பலில் வந்து இறங்கியது இந்தக் கரும்புக்காகத்தான், என் கொள்ளுத் தாத்தா வெட்டியதும் இதே பக்கத்துக் கரும்புதான். அதனால் எனக்கு இதில் ஒரு தனி ஒட்டுதல்.

கரும்பு வண்டி உள்ளே வந்ததும் சாறு எடுத்து பிரிக்ஸ் (கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு), போல் (அதில் சர்க்கரை எவ்வளவு) எல்லாம் பார்ப்போம். விவசாயிக்கு எடைக்கு மட்டும் பணம் கிடையாது, அதிலிருந்து எவ்வளவு சர்க்கரை எடுக்க முடியும் என்று ஆர்.வி. கணக்குப் போட்டுத்தான் விலை. எங்கள் நம்பர் தவறினால் ஒரு குடும்பத்தின் வருமானம் தவறும். அதனால் இங்கே யாரும் சும்மா உட்கார்ந்து ருசி பார்ப்பதில்லை.

வெட்டிய கரும்பு வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் சாறு கொழகொழவென்று ஆகிவிடும். லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா சர்க்கரையைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற பசையை உண்டாக்குகிறது. வடிகட்டி அடைக்கும், பாகு சரியாகப் படிகமாகாது, ஆலைக்கு அன்றைக்கு நரகம்தான். வேடிக்கை என்னவென்றால் நம் வீட்டு இட்லி மாவை ராத்திரியில் பொங்க வைப்பதும் அதே இனம்தான். ஒரே ஜீவன் ஆலையில் எதிரி, அடுப்படியில் வேலைக்காரன். இதைப் பாடமாகப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு இந்தத் துறை பிடித்துப் போனது.

வேலை விஷயம். டர்பனை விட்டு வெளியே போகாமலேயே சர்க்கரை, எண்ணெய், சாஸ், மசாலா, பால், ஃப்ளேவர் கம்பெனிகள் என்று சுற்றி வரலாம். குவாசூலு-நட்டால் யுனிவர்சிட்டியின் டர்பன் ஹவர்ட் காலேஜ் வளாகத்திலேயே சுகர் மில்லிங் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு ஆராய்ச்சி நிலையம். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் டெக்னாலஜிஸ்ட் வேலை வேண்டும் என்றால் கேப்டவுன் பக்கம் போக வேண்டி வரும், அவர்களின் தலைமை அலுவலகங்கள் அங்கே. 2018 ஏப்ரலில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது ஞாபகம் இருக்கிறதா, 100 மில்லியில் 4 கிராமைத் தாண்டுகிற ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட். அது எங்கள் பக்கம் நிறையப் பேர் வயிற்றில் அடித்தது, மறைக்கவில்லை. ஆனால் சர்க்கரையைக் குறைத்துப் பானத்தை மாற்றி அமைக்க டெக்னாலஜிஸ்டுகள் தேவைப்பட்டார்கள். ஒரு கதவு மூடினால் அதே துறையில் இன்னொன்று திறக்கிறது, எனக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை.

சாட்ஸ்வொர்த் அம்மா:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான், "டிப்ளமோவுக்கும் டிகிரிக்கும் பின்னால் என்ன வித்தியாசம் வரும், ரெண்டுக்கும் செலவு எவ்வளவு?" பழைய டெக்னிகான் அண்ணா ஆலைப் பயிற்சிதான் முக்கியம் என்கிறார், ஸ்டெல்லன்போஷ் பெண் நாலு வருடம் என்கிறாள். எனக்குத் தலை சுற்றுகிறது.

பழைய டெக்னிகான்:

நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆலையில் கால் வைக்காத டிகிரியை விட ஆலையில் நின்ற டிப்ளமோ முதல் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஓடும்.

லேப் கோட்டு:

அண்ணா, முதல் ஐந்து வருடம் சரி, அதற்குப் பிறகு? இங்கேதான் நான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன். இயற்கை அறிவியல் தொழில்களுக்கு 2003-ம் வருடச் சட்டத்தின் கீழ் சாக்நாஸ்ப் என்று ஒரு கவுன்சில் இருக்கிறது, அதில் ஃபுட் சயின்ஸ் ஒரு பதிவுத் துறை. நாலு வருட டிகிரியோ, மூன்று வருட டிகிரிக்கு மேல் ஹானர்ஸோ இருந்து, தேவையான அனுபவமும் காட்டினால் புரொஃபஷனல் நேச்சுரல் சயன்டிஸ்ட் என்று பதிவு கிடைக்கும். டிப்ளமோவுக்குக் கிடைப்பது சர்டிஃபிகேட்டட் என்ற கீழ்ப்படி. ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும்போது இது யாருக்கும் ஞாபகம் வராது. ரெகுலேட்டரி வேலை, ஆராய்ச்சி, கன்சல்டன்சி, வெளிநாடு என்று நகரும்போது அந்தப் படி இடிக்கும். எனக்கு இடித்தது, வேலை பார்த்துக்கொண்டே மேற்கொண்டு படித்துத்தான் தாண்டினேன். எழுபது எடுக்கிற பிள்ளை, கணக்கும் பிசிக்ஸும் கையில் இருக்கிறது, அவளை ஏன் முதலிலேயே கீழ்ப்படியில் நிறுத்த வேண்டும்?

பழைய டெக்னிகான்:

டிப்ளமோவோடு நின்றுவிடச் சொல்லவில்லையே. அதற்கு மேல் அதே இடத்திலேயே படிக்கலாம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைக்கும், ரெஸ்ஸில் (காலேஜ் ஹாஸ்டலில்) இடம், சாப்பாடு, விமான டிக்கெட் என்று எல்லாம் கட்டுகிற பிள்ளைக்கும் செலவு ஒன்றா? உங்கள் கணக்கில் பர்ஸ் இல்லை தங்கச்சி.

லேப் கோட்டு:

பர்ஸ் இருக்கிறது அண்ணா. குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் அரசாங்கத்தின் மாணவர் நிதியுதவியான நஸ்ஃபாஸ் இருக்கிறது, டிப்ளமோவானாலும் டிகிரியானாலும். அதைத் தாண்டினால்தான் திண்டாட்டம். உணவு, பானத் தொழில் பயிற்சிக்கான ஃபுட்பெவ் செட்டா அமைப்பின் பர்சரி (உதவித்தொகை) இருக்கிறது, கம்பெனி பர்சரியும் உண்டு. கம்பெனி பர்சரி என்றால் கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள், படித்து முடித்து அத்தனை வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று இருக்கும். அது மோசம் என்று சொல்லவில்லை, முதல் வேலை கையில் இருக்கிற மாதிரிதான். நடுவில் விட்டால் வட்டியோடு கேட்பார்கள்.

ஸ்டெல்லன்போஷ் மாணவி:

இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒன்று சொல்லலாமா? டிகிரியிலும் லீவில் ஆலை வேலை உண்டு, ஆனால் அண்ணா சொல்கிற மாதிரி மாதக்கணக்கில் தொடர்ந்து நிற்பது இல்லை. அதனால் நான் ஒவ்வொரு டிசம்பரிலும் ஊருக்கு வந்ததும் ஆலை ஆலையாகக் கேட்டு ஏறி இறங்குவேன். சம்பளம் கேட்க மாட்டேன். டிகிரி, ஆலைப் பழக்கம் இரண்டுமே இப்படிக் கைக்கு வரும், கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் பெல்வில்லில் கேப் பெனின்சுலா யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியையும் பாருங்கள், யாரும் சொல்லவில்லை. அங்கே ஃபுட் டெக்னாலஜியும் இருக்கிறது, சின்னத் தொழில் செய்கிறவர்களுக்குப் பொருள் தயாரிக்க உதவுகிற அக்ரிஃபுட் டெக்னாலஜி ஸ்டேஷனும் இருக்கிறது. ஊறுகாய்க்காரி அக்காவுக்கு அந்த மாதிரி இடம்தான் வேண்டும், ஆனால் தூரம்.

ஊறுகாய்க்காரி:

பெல்வில்லுக்குப் பூண்டு எடுத்துக்கொண்டு நான் எங்கே போவேன். பக்கத்தில் பி.ஹெச். பார்த்துக் கொடுக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். புரட்டாசி வருகிறது, ஆர்டர் எல்லாம் இப்போதே வர ஆரம்பித்துவிட்டது.

கரும்பாலை:

அக்கா, நல்ல பி.ஹெச். மீட்டர் ஒன்று நீங்களே வாங்கிவிடுங்கள், காகிதப் பட்டை வேண்டாம், மசாலா நிறத்தில் காகிதம் ஒன்றும் காட்டாது. பி.ஹெச். 4, 7 என்று தெரிந்த பஃபர் திரவங்களை வைத்து மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் ஒட்டினால் புரோப் செத்துவிடும், காயை மட்டும் எடுத்து அரைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் தேதி போட்டு எழுதி வையுங்கள், கடைக்காரர் அடுத்த தடவை கேட்கும்போது நோட்டைக் காட்டலாம். அதை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஓரிரு தடவை அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பினால் செலவு தாங்கும்.

சாட்ஸ்வொர்த் அம்மா:

அண்ணன் தங்கை சண்டையில் எனக்குத்தான் லாபம். வீட்டில் பேசிவிட்டோம். நம் மாகாணத்துக்கான பொது விண்ணப்பமான சி.ஏ.ஓ. படிவத்தில் டர்பனைப் போடுகிறோம், ஸ்டெல்லன்போஷுக்கும் பிரிட்டோரியாவுக்கும் தனித்தனியாக நேரடியாக விண்ணப்பம் போடுகிறோம். இடமும் பர்சரியும் எங்கே ஒன்றாக வருகிறதோ அங்கே. இரண்டும் வராவிட்டால் டர்பன், பழைய டெக்னிகான் அண்ணா சொன்ன மாதிரி பயிற்சி எங்கே என்று முதல் நாளே கேட்டுவிடுவேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறாள், அவளே எழுதட்டும்.

வணக்கம், அந்த மகள் நான்தான். கெமிஸ்ட்ரி பிடிக்கும், கேக் அவ்வளவாகப் பிடிக்காது. எனக்கு ஆசை வந்தது மாரியம்மன் கோவில் கூழிலிருந்து. பக்கத்து வீட்டு ஸூலு ஆன்டி மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்துச் செய்கிற அமஹேவு பானமும் எங்கள் கூழும் ஏன் ஒரே மாதிரி புளிக்கிறது என்று பள்ளியில் ஒரு புராஜெக்ட் செய்தேன், பி.ஹெச். தினமும் குறைந்துகொண்டே வந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது. கரும்பாலை மாமா, செப்டம்பர் லீவில் உங்கள் ஆய்வகத்தை வந்து பார்க்க முடியுமா? பார்த்துவிட்டு முடிவு செய்தால் அப்பாவுக்கும் திருப்தி.

கரும்பாலை:

தாராளமாக வா கண்ணு. அரைப்பு ஏப்ரல் வாக்கில் ஆரம்பித்து டிசம்பர் வரை ஓடும், செப்டம்பரில் ஆலை முழு வேகத்தில் இருக்கும். பாதுகாப்பு அதிகாரியிடம் முன்பே எழுதி அனுமதி வாங்கி வைக்கிறேன். மூடிய ஷூ போட்டு வா, செருப்பு வேண்டாம். நெயில் பாலிஷ் கூடாது, வளையல், தோடு, கையில் கட்டிய கயிறு எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடு. சாற்றை எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் நீயே பிரிக்ஸ் பார்க்கலாம். அமஹேவு நோட்டு இருந்தால் அதையும் கொண்டு வா.

சாட்ஸ்வொர்த் அம்மா:

மாமா, மூக்குத்தி கழற்ற வராது, சின்ன வயதில் குத்தியது, இறுகிப் போயிருக்கிறது. அதனால் உள்ளே விட மாட்டார்களா? (மகள்)

கரும்பாலை:

பார்வையாளருக்கு எங்கள் ஆலையில் அதன் மேல் நீல பிளாஸ்டர் ஒட்டி விடுவோம். அதற்குள் மெல்லிய உலோகம் இருக்கும், தவறி விழுந்தாலும் மெட்டல் டிடெக்டர் பிடித்துவிடும், நீல நிறத்தில் சாப்பாட்டுப் பொருள் அநேகமாக எதுவும் இல்லை என்பதால் கண்ணுக்கும் தெரியும். வேறு ஆலைகள் சிலவற்றில் இதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வேலைக்குச் சேரும்போது கேட்டுக்கொள். தேதியை அம்மாவிடம் சொல்லி எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பச் சொல்.